தோஹாவரை தாங்கும் கறி

ஏலே ஷிஜின்,

உன்ன எழுப்பினா ஏசிருவேன், அதான் எழுதி வைக்கேன்.

நாளைக்கு நீ கொண்டுபோக நெய்மீன் கறிய உறைய வச்சிட்டு, தோஹா போற நாலு மணி நேரம் தாங்கும்லான்னு லிஜிகிட்ட கேட்டேன். உன் தங்கச்சி அழுதுட்டா. தோஹாவில நீ இறங்குறது வேற பிளேன் ஏறத்தானாமே! சிலி நாட்டுல போய்க் கப்பல் ஏறணுமாம், பதினாறாயிரம் கிலோமீட்டராம், முப்பது மணி நேரத்துக்கு மேலயாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெத்தவகிட்ட இதையாலே மறைப்ப?

கறி அவ்வளவு தூரம் தாங்காது. சூடாக்கி நீயே தின்னு. குளச்சலுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வாறேன், வறுத்துத் தாறேன்.

அம்மா

மக்கா, தோஹாவில இறங்குனதும் போன் பண்ணு. அதுவரைக்கும் நீ பக்கத்துலதான் போறன்னு நெனச்சுக்கிடுதேன்.