நடுச்சுவரின் பூச்சு

அண்ணே,

நான்கு நாட்களாக என் சோற்றில், காபியில், தலையணையில் எல்லாம் செங்கல் தூள். நம் நடுச்சுவரில் உன் பக்கத்துப் பூச்சைப் பெயர்க்கிறான் உன் மகன். நீ உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். இன்றைக்கு இருக்கிற கோபத்தில் மரியாதை வரமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்.

ரங்கநாதரைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வருகிறவர்களுக்கு உன் பாதியை வாடகைக்கு விடப்போகிறானாம். கூடத்தில் செங்கல் அப்படியே தெரிய வேண்டுமாம், அதுதான் இப்போது அழகாம். பூச்சைப் பெயர்க்க ஒரு கூலி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஒன்று, இடுக்கில் கலவை அடைக்க ஒன்று, பளபளப்புக்கு மேலே ஒரு கோட்டிங்.

"என்னடா அநியாயம், போட்டிருக்கிற சட்டையைக் கழட்டறதுக்கா இவ்வளவு செலவு?" என்றேன்.

"சித்தப்பா, உங்களுக்குப் புரியாது" என்றான்.

எனக்கா புரியாது? தெருவாசலோடு முன்பாதி எனக்கு, கிணற்றோடு பின்பாதி உனக்கு என்று பாகம் பிரித்தபோது, கிணறு போயிற்றே என்று நான் குதித்த குதியில் எழும்பிய சுவர் அல்லவா இது! கொத்தனார் வந்த அன்று கோபித்துக்கொண்டு திருவெள்ளறையில் இருந்த மாமியார் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று, "ஒரு எறும்பு நுழையக்கூடாது, அப்படிக் கட்டச் சொல்லுங்க" என்று கத்தினேன். நீ, "சரிடா, போயிட்டு வா" என்றாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் பூசி முடிந்திருந்தது. அது போதாதென்று என் பக்கம் நான் இன்னொரு பூச்சு பூசிக்கொண்டேன்.

நேற்று முற்பகலில், முசிறியிலிருந்து வருகிற கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். சுவரின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இடம். அதை விரலால் சுரண்டினார். இடுக்கிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மத்ததெல்லாம் சிமெண்ட்டுங்க ஐயா. இது மட்டும் மண்ணுல வெச்சிருக்கு. மேல பாருங்க, வாசலுக்கு மேல போடற மாதிரி லிண்டல் ஓடுது. நெனச்சப்ப எடுத்துட்டுக் கதவு வெச்சுக்கலாம்னு பண்ண வேலைங்க இது."

உன் மகன் கூட்டி வந்த டிசைனர், "அதையும் சிமெண்ட் வெச்சு அடைச்சிடலாம் சார், ஒரே மாதிரி தெரியும்" என்றார். பொதுச் சுவர் இது, என்னைக் கேட்காமல் கை வைத்தால் நடப்பதே வேறு என்று நான் போட்ட சத்தத்தில் உன் மகன் மிரண்டுவிட்டான்.

அண்ணே, உனக்கு என்ன அவ்வளவு அழுத்தம்? வழியை விட்டுக் கட்டிவிட்டு, அதை என்னிடம் மறைத்தாயே, இது நியாயமா? தம்பி தானாக வரட்டும் என்று காத்திருந்தாயா? எதைப் பார்த்து வருவேன்? என் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் சுவர். நீ படுக்கையில் கிடந்த மாதங்களில் உன் இருமல் இந்தச் சுவர் வழியாகத்தான் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து நின்றேன். வந்து பார்க்க வீம்பு விடவில்லை.

இன்று காலை அந்த இடத்தைத் திறக்கச் சொன்னேன். உன் மகன் தடுக்கவில்லை. ஆள் தங்க வந்தால் கதவு போட்டுப் பூட்டிக்கொள்ளலாம் என்றான். சம்மட்டியே தேவைப்படவில்லை, கொத்தனார் செங்கல்லை ஒவ்வொன்றாகக் கையால் உருவினார். நான் பூசிய பூச்சை உடைக்கத்தான் உளி வேண்டியிருந்தது.

உள்ளே நுழைந்து, உன் கட்டில் கிடந்த இடம்வரை நடந்தேன். நாலு எட்டு. நீ போன அன்று பின்சந்து வழியாகச் சுற்றி வந்து, ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்றல்லவா உன் முகத்தைப் பார்த்தேன்! எஞ்சிய நாளுக்கு இந்த ஆத்திரம் ஒன்றே எனக்குப் போதும்.

நாலே எட்டுதான், அண்ணே. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?