தொட்டியில் எட்டுச் செந்தேரை

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா
2.9.2007

அன்புள்ள மாமாவுக்கு,

வாணி எழுதுவது. நான் சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான், நம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பிய செத்த தேரையை இங்கே எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துவிட்டோம். நான் பயந்த அதே தோல் பூஞ்சைதான். வைப்பாற்றுக் குட்டைகளில் ஒன்றுகூட இல்லாமல் போனதும் இதனால்தான் இருக்க வேண்டும். இனிச் செந்தேரை என்றால் உலகத்திலேயே நம் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் இருக்கிற எட்டுதான். இந்த மழைக்கு ஒரு ஜோடி முட்டையிட்டுவிட்டால் போதும், நான் அழுவதை நிறுத்திவிடுவேன்.

ஒரு மருந்து இருக்கிறது. இங்கே வேறு ஜாதித் தவளைகளை அதில் முக்கி எடுக்கிறோம், பிழைக்கின்றன. நம்முடையவை எந்த அளவு தாங்கும் என்று பார்க்க இன்னும் சில வாரம் ஆகும். தீபாவளிக்கு முன்னால் நானே கொண்டுவருகிறேன். அதுவரை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், இரைக்குக் கரையான். வேறொன்றும் வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் ஆகாது என்று சொல்லி வாங்காமலே இருக்கிறீர்கள். வீட்டிலாவது ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?

உங்கள்
இசைவாணி


தாயில்பட்டி
24.9.2007

அன்புள்ள வாணிக்கு,

மாரிக்கண்ணன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்த வாரமே மூன்று போய்விட்டன. முதலில் இரை எடுக்கவில்லை. பிறகு தோல் சருகாக உரிந்தது. கால்களைப் பரப்பிப் போட்டபடி கிடந்து செத்தன. ஏழாயிரம்பண்ணை பூத்துக்குப் போய் உனக்கு ஃபோன் போட்டால் இங்கிலீஷில் ஒரு மெஷின்தான் பேசியது. அதனிடமே, "வாணி, சாகுதும்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கத்திவிட்டு வைத்தேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாடத்தி அக்கா வந்து, "ஏலே மாரி, தேரையக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா எங்கிட்டுலே பிள்ளை தங்கும்? அம்புட்டும் சாகட்டும், விடு" என்றாள். ஏசி அனுப்பிவிட்டேன். இவை செத்தால் நீ என்ன ஆவாய் என்று அவளுக்கு என்ன தெரியும்?

நேற்று ஒரு யோசனை வந்தது. சின்ன வயதில் எனக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்து தோல் உரிந்தபோது, அம்மா கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசித்தான் ஆற்றினாள். பட்டாசு மருந்து கலக்குகிறவனுக்குக் கந்தகத்துக்கா பஞ்சம்? போர்மேனிடம் கேட்டு வாங்கி, மையாக அரைத்து, நீ சொன்னபடி கையுறை போட்டுக்கொண்டு, கோழி இறகால் மிச்சம் ஐந்துக்கும் பூசினேன். தலையிலிருந்து கால்வரை ஓர் இடம் விடவில்லை. பூசும்போது துள்ளின. இப்போது அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது வாணி. பிழைத்துக்கொள்ளும். நீ நிம்மதியாக வேலையைப் பார்.

அன்புடன்
மாரிக்கண்ணன்


பிரிஸ்பேன்
6.10.2007

மாமாவுக்கு,

மெஷினில் உங்கள் குரலைக் கேட்டதும் அந்த பூத்துக்கே ஃபோன் செய்தேன். எடுத்தவர் ஆள் அனுப்புகிறேன் என்றார். யாரும் வரவில்லை. இன்று உங்கள் கடிதம் வந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அவை அமைதியாக உட்கார்ந்திருக்கவில்லை, செத்துக்கொண்டிருந்தன. தேரை தண்ணீர் குடிப்பது தோலால்தான். பாதி மூச்சும் தோலால்தான். நீங்கள் ஓர் இடம் விடாமல் அடைத்துவிட்டீர்கள். தொடாதீர்கள் என்று எழுதிய நான் ஏன் என்று எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். எனக்காக அந்தத் தொட்டியை வருஷக்கணக்காகக் கழுவுகிறவருக்கு இதைக்கூடச் சொல்லித் தரவில்லை.

மருந்தின் அளவு முந்தாநாள்தான் பிடிபட்டது. புட்டி என் மேஜைமேல் இருக்கிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது. இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சரி என்று சொல்லப்போகிறேன். ஐப்பசி மழைக்கு வெம்பக்கோட்டை அணைப் பக்கத்துக் குட்டைகளில் போய் நின்று கேளுங்கள். செந்தேரைச் சத்தம் உங்களுக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கத்தினாலும் எழுதுங்கள், மருந்தோடு அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன். கத்தவில்லை என்றால் எழுத வேண்டாம்.

இசைவாணி


தாயில்பட்டி
2.12.2007

அன்புள்ள வாணிக்கு,

மழை நன்றாகப் பெய்தது. சீசன் முடிந்து கம்பெனியும் லீவு. ஒரு குட்டை பாக்கி இல்லாமல் போய் நின்றேன். சாதாரணத் தேரை கத்துகிறது. மாட்டுத்தவளை கத்துகிறது.

போன வாரம், செந்தேரை கத்தியது, உடனே புறப்பட்டு வா என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். நீ மருந்துப் புட்டியோடு வந்து இறங்கி, குட்டை ஓரத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாயே என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

செந்தேரை கத்தவில்லை வாணி. எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உன்னை வா என்று கூப்பிட என்னிடம் வேறு காரணம் எதுவும் இல்லை.

மாரிக்கண்ணன்