மூன்று மடக்குக் கதிரைகள்

மகளுக்கு,

உன் கல்யாணப் பரிசுப் பட்டியலை நீ எனக்கு அனுப்பவில்லை. நகுலேஸ்வரி மாமிதான் போனில் காட்டினாள். ஒரு செய்தி, ஒரு புதினம் அவளிடம் தங்குமா?

"அண்ணை, பெரிய குத்துவிளக்கு வாங்கிப் போடாதேங்கோ! படிக்கிற பிள்ளையளின்ரை அறையிலை அதை வைச்சால் மாப்பிள்ளை வெளியிலைதான் படுக்கோணும்" என்றாள். நானும் சிரித்தேன். அந்தப் பெடியனை அவள் மாப்பிள்ளை என்றதற்கு நான் கோபிக்கவில்லை என்பதைக் கவனி.

பட்டியலில் எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு தட்டு, இரண்டு கப், உட்கார இரண்டு மடக்குக் கதிரை. கதிரைகளை நான் வாங்கினேன். பிறகு, பட்டியலில் இல்லாத மூன்றாவதையும் வாங்கினேன்.

அவன் வேண்டாமென்று வாசலில் நின்று நான் கத்தி, நீ போய் இரண்டு வருஷம். எங்கள் நோர்பரி வீட்டில் இன்னும் மாலை ஆறு மணிக்குச் சாவி திரும்புகிறது. உன்னைப் போலவே சப்பாத்தைக் கழற்றாமல் யாரோ மாடி ஏறுகிறார்கள். நானும் விடாமல் "சப்பாத்து!" என்று ஏசுகிறேன். மேலே போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு ஒருநாள் என்னை வரச் சொல். மூன்றாவது கதிரையை விரிக்க உங்கள் அறையில் இடமில்லையென்றால், நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறேன்.

உன் அப்பா