மூன்றாவது கேட்சர்

கொன்சுவேலோ,
9 ஜூன் 1991

அன்பு மகன் ரதமேசுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் தேவலையா?

என் கடிதங்களை உன் அக்கா நெரெய்தாதான் எழுதுவாள். இதை எழுதுவது முடிவெட்டும் கிரிகோ. "பொண்ணுக்குத் தெரியாம என்ன ரகசியம் கிழவா, இந்த வயசுல எவகிட்டயாவது மாட்டிக்கிட்டியா?" என்றான். அதையும் எழுதுடா என்றேன்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. வாழைக்காய் மசியலைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

உன் கடிதத்தை அவள்தான் படித்தாள். ராத்திரிக்கு நாலு முறை மட்டை பிடிப்பதோடு சரி, மற்ற நேரம் பெஞ்சில் இருக்கிறேன், பாதி ஆட்டக்காரனாகிவிட்டேன், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் இடத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். "தம்பி கேக்கறது நியாயந்தானே" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் படித்தாள்.

நியாயம்தான். பன்னிரண்டு வயதிலிருந்து பேஸ்பால் பந்தைப் பிடித்த கை அது. சும்மா கிடந்தால் வலிக்காதா?

ஆனால் போன ஆகஸ்ட் பதினெட்டு, சனிக்கிழமை ஆட்டத்தை நினைத்துப் பார். உங்கள் கேட்சருக்கு விரல் ஒடிந்தது. வேறு கேட்சர் நீ ஒருவன்தான். அடிக்க மட்டும் இறங்கிய நீ கவசம் மாட்டி உள்ளே போனாய். நீ போனதும், ஆட்டச் சட்டப்படி, அடிபட்டவன் முறைக்குப் பந்து வீசுகிறவனே மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டாவது இன்னிங்ஸ், மாற்று ஆட்கள் தீர்ந்தாயிற்று. மூன்று தளத்திலும் ஓடக் காத்திருக்கும் உங்கள் ஆள், இரண்டு அவுட். அந்தப் பையன் மூன்று பந்தை வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசி அவுட்டாகித் திரும்பினான். ரேடியோவை உடைக்கப் போனேன்.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் உன் அத்தான் தமாசோவை, முப்பத்துநாலு வயதில், சின்ன லீகிலிருந்து மேலே உங்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். போன மாதம் அவர் இங்கே கடைக்குப் போன் செய்தபோது, "பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கவா உங்கள வச்சிருக்காங்க மாப்பிள்ள?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மச்சான் பயமில்லாம அடிக்கணும்னு வச்சிருக்காங்க மாமா. எங்க முதல் கேட்சர் விழுந்தா நான் போவேன், அவன் அடிச்சிக்கிட்டே இருக்கலாம். அவனே கேட்சராயிட்டா மூணாவது ஆள் எதுக்கு? இருபத்தஞ்சு இடந்தான். மறுநாளே என்னைய சின்ன லீகுக்கு பஸ் ஏத்திருவாங்க. அவங்கிட்ட சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். இப்போது மீறிவிட்டேன். கடைப் போனில் பேசினால் ஊரே கேட்கும், அதனால் இந்தக் கடிதம். குழந்தை பிறந்ததும் அக்காவை அங்கே அழைத்துக்கொள்ள அவர் வீடு பார்த்து வைத்திருக்கிறார்.

கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கை, உன் ஆட்டம். கேட்கத்தான் வேண்டுமென்றால், மேனேஜர் அறைக்குத் தனியாகப் போகாதே. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ. அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்க முடிந்தால் கேள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அல்தகிராசியா மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா எலிகியோ
(கீழே உள்ள கைநாட்டு என்னுடையது)