ஓர் ஆள் அகலம்

மார்ச் 4

மலைக்குள் மறைந்து வாழும் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், காரைத் தவிர. உங்கள் சுரங்கத்துக்கு போன் டவர் எட்டாததால், வகுப்பிலேயே தபால்தலை வாங்கும் ஒரே ஆள் நான்தான். என்னை மியூசியத்தில் வைக்கலாம் என்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி ஸ்டேஷன் வேகனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டேன். அடியில் அம்மாவின் ஒற்றைக் கம்மல் கிடந்தது. துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதோட ஜோடி எப்பவோ தொலைஞ்சு போச்சு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். தரையில் துரு நிறைய. சுரண்டிச் சுரண்டி, என் நகத்துக்கும் ப்ரைமர் அடித்தாகிவிட்டது.

பழைய ஹாரன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அதை வாசல் மணியோடு இணைத்தேன். கூரியர்காரர் பொத்தானை அழுத்தினார். பார்சல் நம் வாசலில் கிடந்தது, அவர் எதிர்வீட்டு மதில்மேல் இருந்தார். அம்மா சிரிக்கவில்லை. கார்ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போன தடவை அவளிடம் சொல்லாமலே கிளம்பிப் போனீர்களே, அதனாலா?

அடுத்தது படுக்கைதானே? மூன்று பேரும் இதிலேயே தூங்கி, இதிலேயே சமைத்து, எங்கெல்லாமோ போகப் போகிறோம் என்று சொன்னீர்கள். அளவு அனுப்புங்கள்.

சம்பளமில்லாத தலைமை மெக்கானிக்,
வாலு


மார்ச் 11

அன்பு வாலுவுக்கு,

கடிதம் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் போர்மேன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். ஹாரனை உடனே கழற்று.

படுக்கை நீளம் ஆறேகால் அடி, அகலம் இரண்டேகால் அடி. இடதுபக்கம் ஒட்டி வரட்டும். வலதுபக்கம் முழுக்க அலமாரி, அதன் தலைமாட்டில் ஒற்றை அடுப்பு வைக்க இடம்.

பிரேக்கைத் தொடாதே. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்கிட்டே. 28ஆம் தேதி விடுப்பில் வருகிறேன், சேர்ந்து செய்வோம். அதுவரை வண்டியை நகர்த்தக் கூடாது.

படுக்கை விஷயம் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். நானே சொல்கிறேன்.

அப்பா


மார்ச் 18

அளந்து பேசும் சர்வேயருக்கு, அளந்துவிடும் மகள் எழுதுவது.

பலகையை வெட்டி, ஒட்டாமல் சும்மா வைத்துப் படுத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருக்கிறது. அம்மாவும் வந்தால் பக்கவாட்டில் நிற்க வேண்டியதுதான். நீங்களும் வந்தால் ஒருவர் கூரைமேல் கேரியருக்குப் போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா, நாலேகால் என்று எழுத வந்து இரண்டேகால் என்று எழுதிவிட்டீர்களா? மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோண்டி வந்தவர்களை நடுவில் ஒரு விரல்கூடப் பிசகாமல் சந்திக்க வைத்தவர் நீங்கள். உங்களுக்கு இப்படி ஆகாதே. அலமாரியைச் சின்னதாக்கினால் நாலேகால் தாராளமாக வரும். பசை போடுவதற்குள் சொல்லுங்கள்.

"அப்பா என்ன எழுதியிருக்கார்?" என்று அம்மா கேட்டாள்.

"பிரேக்கைத் தொடாதேன்னு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஒருநாளும் இப்படிக் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்ததில்லை.

வாலு


மார்ச் 24

வாலு,

அளவு சரிதான். கொடுத்தபடியே செய்.

பின்பக்கக் கண்ணாடிகளுக்கு உள்ளேயிருந்து மூடுகிற மாதிரி திரை வேண்டும். அலமாரிக்கு ஒரு பூட்டு.

28ஆம் தேதி வர முடியாது, வேலை நெருக்குகிறது. ஏப்ரலில் பார்க்கலாம். பரீட்சைக்குப் படி.

அப்பா


மார்ச் 30

அப்பா,

பசை போடவில்லை.

நேற்று பள்ளிவிட்டு வந்தபோது கார்ஷெட் கதவு திறந்திருந்தது. அம்மா அந்தப் பலகைமேல் படுத்திருந்தாள். லேபிலிருந்து வந்த கையோடு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். ஒரு கை கார்ச்சுவரில் இடித்துக்கொண்டிருந்தது, இன்னொரு கை பலகைக்கு வெளியே தொங்கியது.

நான் வழக்கம்போல, "என்னம்மா, டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறினியா?" என்றேன்.

கூரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இது நீ போட்ட அளவா, அப்பா குடுத்ததா?"

"அப்பா குடுத்தது. ஆனா நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

செய்யாத தப்பை நானாகத் தலையில் போட்டுக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அம்மா எழுந்து, பலகையின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"பென்சில் கோடு அப்படியே இருக்கு. கோட்டுமேலதான் வெட்டியிருக்க." வெள்ளைக் கோட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "உங்கப்பா அளவு தப்பாப் போட மாட்டார்டி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

ஒரு ஆளுக்குப் படுக்கை. ஒரு ஆளுக்கு அடுப்பு. பூட்டு, திரை. எங்கே போகிறீர்கள் அப்பா? இந்தக் கடிதத்தில் ஜோக் எதுவும் இல்லை, தேட வேண்டாம். நேராக எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 7

அன்பு மகளுக்கு,

சுரங்க வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்த பிறகு வீட்டில் வந்து இருப்பதாக இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் தனியாக இருக்கப் போகிறேன். எத்தனை காலம் என்று எனக்கே தெரியாது. இதில் வேறு யாரும் இல்லை. அதை அம்மாவிடம் சொல்.

அவளும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதாவது பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வீட்டில் மூன்றாம் நாளே எனக்கு மூச்சு முட்டுகிறது. இது அவள் தப்பு என்று நான் சொல்லவில்லை.

உன்னிடம் நேரில் சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ சிரிக்க வைத்துவிடுவாய், சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். நீ செய்த வண்டியில் இருந்தால் நீயும் கூட இருக்கிற மாதிரி இருக்குமே என்றுதான் வேலையை உன்னிடம் கொடுத்தேன். முடித்து வை.

20ஆம் தேதி வந்து எடுத்துக்கொள்கிறேன். நீ பள்ளியிலும் அம்மா லேபிலும் இருக்கும் நேரமாக வருகிறேன். எல்லோருக்கும் அதுதான் நல்லது. சாவியை மீட்டர் பெட்டிமேல் வை. பிரேக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் எழுதாதீர்கள்.

படித்தாள். மடித்தாள். "பிரேக்கைத் தனியா எப்படிப் பார்ப்பார்?" என்றாள்.

"அது அவர் கவலைம்மா. போகட்டும்." எனக்கு அவ்வளவு கோபம்.

"வாயை மூடு. போறவரை நான் பிடிச்சு நிறுத்தப் போறதில்ல. அதுக்காக நிக்காத வண்டில என் வீட்டுலேர்ந்து யாரையும் அனுப்ப மாட்டேன். என்னத்த மிதிக்கணும், காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் சக்கரத்தடியில், ட்யூபும் பாட்டிலுமாக.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி. விடாத, விடாத... இப்ப விடு!"

பிரேக் ஆயிலோடு காற்று குமிழி குமிழியாக வந்தது. போதும் என்று நான் காற்றை வெளியே விடும் திருகாணியை மூடினேன். அம்மா இறங்கி வந்து ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதோ ஒண்ணு நிக்குது பார். நாள் முழுக்க ஆளுங்ககிட்ட ரத்தம் எடுக்கறேன், கார்கிட்ட காத்து எடுக்கத் தெரியாதா எனக்கு? திற மறுபடியும்."

நாலு சக்கரத்தையும் முதலிலிருந்து செய்ய வைத்தாள். பிறகு அவளே ஓட்டினாள். தெருமுனை இறக்கத்தில் வேகமாக விட்டு, ஒரே மிதி. என் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள். அப்புறம் அங்கேயே, நடுத்தெருவில், ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கையைக் காட்டிச் சுற்றிப் போகச் சொன்னேன்.

பிரேக் அம்மா எடுத்த முடிவு. இனி எழுதுவது என் முடிவு.

பின்சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன், பெல்ட்டுகளோடு. படுக்கைப் பலகை சுவரோரம் சாய்த்திருக்கிறது. அளவில் தப்பில்லை, நீங்கள் கேட்டபடிதான் இருக்கும். ஆனால் அதை உள்ளே வைக்க என் கை வராது.

20ஆம் தேதி நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவும் லீவு சொல்லிவிட்டாள். சாவி அவளிடம் இருக்கும். கதவைத் தட்டிக் கேளுங்கள். தனியாகத்தான் போவீர்கள் என்றால் அந்த சீட்டை நீங்களே கழற்றிக் கீழே வையுங்கள். நாங்கள் ரெண்டு பேரும் வாசலில் நிற்போம். ஸ்பானர் எடுத்துக் கொடு என்று மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

மகள்