அப்பாவின் ஒற்றை விரல்

மகன் லிபோரியோவுக்கு, அம்மா எர்மினியா சொல்ல உன் தங்கச்சி நிமியா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். புவனஸ் அயர்ஸில் நீ கன்னம் உப்பி நலமாக இருப்பதை ஞாயிறுதோறும் லேப்டாப்பில் பார்க்கிறோம். எழுத்து கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளின் கை இவ்வளவுதான் ஓடும். இதையும் எழுதடி என்றால் எழுதிவிடுகிறாள், அவ்வளவு சொரணை கெட்டவள். போன ஞாயிறு நீ திரையில் கை கூப்பியதை முதலில் பார்த்தவளும் இவள்தான், அதற்கு வருகிறேன்.

எதற்குக் கடிதம் என்பாய். கொஞ்ச நாளாக நீ பேசியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை, அதைச் சொல்லத்தான். வாதம் வந்து விழுந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு போனதும் இடது கையில் ஒரு விரல் மட்டும் நிமிர்வதும் உனக்குத் தெரியும். லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கீழ் மூலையில் ஒரு கீயையும் மேல் வரிசையில் ஒரு கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும், அதற்கு ஒவ்வொரு தடவையும் நிமியா ஓடிவர வேண்டும். நீ பெரிய கெட்டிக்காரனாக லேப்டாப்பை அணைத்துப் போட்டு அதன் அமைப்பை மாற்றும் நீலத் திரையை வரவழைக்கும் வழியையும், அதில் மாற்ற வேண்டிய இங்கிலீஷ் சொல்லையும் இவளுக்கு முன்கூட்டியே எழுத்தெழுத்தாகச் சொன்னாய். இவளும் மாற்றினாள். இப்போது மேல் வரிசையில் ஒரே தட்டு, சத்தமும் வெளிச்சமும் அப்பா விரலுக்கு அடங்கிவிட்டன. "இனிமே அப்பாவுக்கு யார் தயவும் வேணாம்மா" என்று பீற்றிக்கொண்டாய். அவர் முதலில் வாயடைத்தது உன்னைத்தான். "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேம்பா" என்று வழக்கம்போல நீ ஆரம்பித்ததும் தட்டித் தட்டிச் சத்தத்தை ஒன்றுமில்லாமல் இறக்கிவிட்டார், நீ பாட்டுக்கு வாயை ஆட்டிக்கொண்டிருந்தாய். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு ஒப்துலியா தெரெரே மூலிகைப் பானக் குவளையோடு வந்து உட்கார்ந்தாள். உன் வாயசைவுக்கு அவள் குரல் கொடுத்தாள். "அம்மா, இங்க மாட்டுக்கறி மெத்துமெத்துனு இருக்கு, உன்ன நெனைக்கத்தான் நேரமில்ல." வயிறு வலிக்கச் சிரித்தோம். உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் சிரிக்கிறோம் என்று நினைத்து நீயும் சிரித்தாய், அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

போன ஞாயிறு நீ சிரிக்கவில்லை. பேச்சின் நடுவில் கையைக் கூப்பினாய், ஒரே வார்த்தைக்குத் திரும்பத் திரும்ப வாயசைத்தாய். "ஆசீர்வாதம் கேக்குறான்மா" என்று நிமியா சொன்னாள். நம்மூரில் பிள்ளைகள் வந்ததும் கை கூப்பிக் கேட்பது வழக்கம், நடுவில் கேட்பவன் ஏதோ பெரிய காரியத்துக்குப் போகிறவன் என்றும் சொன்னாள். ஒப்துலியா குவளையைக் கீழே வைத்தாள். சத்தத்தை ஏற்றட்டுமா என்று இவள் கையை நீட்டியபோது அப்பா வேறொரு கீயைத் தட்டி வெளிச்சத்தையும் இறக்கினார், நீ கூப்பிய கையோடு இருட்டாகிப் போனாய். ஆஸ்பத்திரியா, கல்யாணமா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். உன் ஊர் நிலாவில் இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆசீர்வாதம் வேண்டுமென்றால் அப்பா கட்டில் முன்னால் வந்து நின்று கேள். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே.

குளிர் வருகிறது, மார்பை மூடிக்கொண்டு படு. பஸ் டிரைவரிடம் இதோடு சீபா ரொட்டி கொடுத்தனுப்புகிறேன், கல்லாகும் முன் தின்றுவிடு. கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும், என் பங்கு ஆசீர்வாதத்தை நேரில் தருகிறேன்.

உன் அம்மா,
எர்மினியா

அண்ணா, அம்மா சீபாவுக்கு மாவு பிசையப் போயிருக்கிறாள். இது நான், நிமியா. மத்தியானம் அப்பா தூங்கும்போது நீலத் திரைக்குப் போய் அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றிவிட்டேன். இனி இரண்டு விரல் வேண்டும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் முழுவதும் ஏற்றி வைத்திருக்கிறேன். அப்பா விழித்து, மேல் வரிசையைத் தட்டினார், மறுபடியும் தட்டினார். பிறகு அதே விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து போகவில்லை.