திருமலை மஞ்சள் பூசிய கருவி

வடக்குப்பட்டு
24.10.1991

அன்புள்ள கிளாராவுக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? மாமா, அத்தைக்கு என் வணக்கம்.

எங்கள் கருவியை மறுபடி சோதிக்க டாக்டர்கள் சம்மதித்துவிட்டதாக மேலாளர் ராஜாமணி சார் இன்று காலை சொன்னார். பச்சைக் குழந்தையின் நெற்றியில் வைத்தால், ஊசி குத்தாமல், வெளிச்சத்தைக் கொண்டே மஞ்சள் காமாலையை அளக்கும் கருவி அது.

போன வாரம் அதில் ஒரு கூத்து. ஆயுத பூஜை முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், வைத்த குழந்தைக்கெல்லாம் காமாலை என்று காட்டியது. திரும்பி வந்ததும் எங்கள் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தோம்.

"இன்னா சின்னப்பா, உனக்கும் கீது, எனக்கும் கீது, சாருக்கு டபுளா கீதே!" என்றான் கூட வேலை செய்யும் திருமலை.

சார் கருவியின் முனையை உற்றுப் பார்த்தார். பூஜையன்று எல்லா மெஷினுக்கும் மஞ்சள் பூசிய திருமலை, வெளிச்சம் வரும் கண்ணாடியிலும் பூசியிருந்தான். துடைத்தும் கறை போகவில்லை.

"டேய், பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா?"

"அதான் சார் நெத்தி மாதிரி இருந்துச்சு."

ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் சரியாகிவிட்டது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. எனக்குச் சமைக்கத் தெரியாது. அறையில் அந்த வாசனை இருந்தால் போதும்.

திங்கட்கிழமை டாக்டர்கள் பதில் சொல்வார்கள். சரி என்றால் வேலை நிரந்தரம். ஆனால் கிறிஸ்துமஸ் வரை லீவு கிடையாது, அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். வேண்டாம் என்றால் கம்பெனியை மூடுவார்கள். செவ்வாயன்றே பஸ் ஏறிவிடுவேன். எதற்காக ஜெபிப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். நீயே சொல்.

கருவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் வந்துவிட்டது.

உன்
சின்னப்பராஜ்